ஊசி தைத்த பிறகு

2009 மார்ச் 12, வியாழக்கிழமை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள பெர்ன்ஹார்டு நோக்ட் வெப்பமண்டல மருத்துவ நிறுவனம். அதன் நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில், எலிகளை வைத்துச் செய்யும் ஒரு சோதனையில் ஒரு பெண் விஞ்ஞானி ஈடுபட்டிருந்தார். உடல் முழுவதையும் மூடிய பாதுகாப்பு உடை. கையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கையுறைகள். கையிலிருந்த ஊசிக்குழலுக்குள் எபோலா வைரஸ். அந்த இனத்திலேயே மிகக் கொடியதான ஸயீர் வகை. ஒரு கணம் கை தவறியது. ஊசிமுனை மூன்று கையுறைகளையும் துளைத்துக்கொண்டு விரலில் தைத்தது.

அன்றைய தேதியில் எபோலாவுக்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி உலகில் எங்கும் இல்லை. மருந்தும் இல்லை.

அந்த நொடியில் யாருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: வைரஸ் உள்ளே போய்விட்டதா? ஆனால் அதற்கு அப்போது எந்தக் கருவியாலும் பதில் சொல்ல முடியாது. உடனே ரத்தம் எடுத்துச் சோதித்தால் எதுவும் தென்படாது. சோதனையில் தென்படும் அளவுக்கு வைரஸ் பெருகிவிட்டது என்றால், அதைத் தடுத்திருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். நேரம் இருக்கும்போது தெரியாது. தெரியும்போது நேரம் இருக்காது. ஆபத்தான கிருமிகளோடு வேலை செய்கிறவர்களை விபத்துக்குப் பிறகு காப்பாற்றும் அறிவியல் முழுவதும் இந்த நெருக்கடிக்குள் நின்றுதான் யோசிக்கிறது.

நுழைவுக்கும் நோய்க்கும் நடுவே

கிருமி உடலுக்குள் நுழைவது வேறு, நோய் பிடிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சில கிருமிகளுக்கு அது மணிக்கணக்கு. சிலவற்றுக்கு நாள்கணக்கு, வாரக்கணக்கு. அந்த இடைவெளிக்குள் புகுந்து கிருமியை மடக்குவதுதான் தொற்றுக்குப் பிந்தைய தடுப்பு.

இந்த எண்ணம் தமிழர்களுக்குப் புதிதல்ல. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நாய் கடித்த பிறகுதானே அந்த ஊசி? கடித்த பிறகு தடுப்பூசி எப்படிப் பலிக்கிறது? வெறிநாய்க்கடி வைரஸ் ரத்தத்தில் பாய்ந்து ஓடுவதில்லை. கடிபட்ட இடத்து நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. அது போய்ச் சேர்வதற்குள் உடலில் எதிரணுக்களை உருவாக்கிவிட்டால் ஆள் பிழைத்தார். 1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது நம்பியது இந்த இடைவெளியைத்தான். கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சிறுவன் பிழைத்தான். நீலகிரிக் குன்னூரில் 1907ல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம், அதே வழியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

எச்ஐவி விஷயத்தில் இடைவெளி இன்னும் குறுகியது. தோலில் நுழைந்த வைரஸை அங்குள்ள சில நோய் எதிர்ப்புச் செல்களே அறியாமல் சுமந்து சென்று நிணநீர்க் கணுக்களில் சேர்க்கின்றன. அங்கே அது பெருகி உடலெங்கும் பரவினால் பிறகு வெளியேற்ற வழியில்லை. ஆகவே முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி ஒருவரைக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று. ஸிடோவுடின் என்ற ஒரே மருந்து மட்டும் கையிலிருந்த காலத்திலேயே, அதை உடனே எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வாய்ப்பு சுமார் 81 சதவீதம் குறைந்ததை 1997ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இன்று தரப்படும் கூட்டு மருந்துகள் அதைவிட வலுவானவை.

எச்ஐவியைக் கண்டு நடுங்குகிற பலர் ஹெபடைடிஸ் பி வைரஸைப் பொருட்படுத்துவதில்லை. தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஊசிக்குத்து மூலம் அது தொற்றும் வாய்ப்பு, ரத்தத்துக்குரிய நோயாளியின் நிலையைப் பொறுத்து நூற்றில் 6 முதல் 30 வரை. ஆனால் அதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. ரத்தத்தைக் கையாளும் வேலையில் சேருகிறவர் முதல் நாளே அதைப் போட்டுக்கொண்டால், பின்னால் ஊசி குத்தும் நாளில் அந்த ஒரு கவலையாவது இருக்காது.

முதல் பதினைந்து நிமிடம்

ஊசி குத்தியதும் பலர் பதறிப்போய் விரலைப் பிதுக்குவார்கள், வாயில் வைத்து உறிஞ்சுவார்கள், பிளீச்சிங் கரைசலில் முக்குவார்கள். மூன்றுமே வேண்டாம். பிதுக்கினால் திசு நசுங்குகிறது. காரமான ரசாயனம் தோலைப் புண்ணாக்கிக் கிருமிக்குப் புது வாசல் திறக்கிறது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவதுதான் முறை. கண்ணிலோ வாயிலோ தெறித்தால் சுத்தமான தண்ணீரால் விடாமல் அலச வேண்டும். கண்ணென்றால் 15 நிமிடம். கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஓர் உயிரின் விலை உண்டு.

1997ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரக் குரங்கு ஆய்வு மையம் ஒன்றில் 22 வயது இளம்பெண் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். கூண்டிலிருந்த ரீசஸ் குரங்கின் உடற்கழிவு ஒரு துளி அவர் கண்ணில் தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை. கடியோ கீறலோ நேராத வேலைக்கு அது தேவை என்று அப்போது கருதப்படவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுவியது சற்றுத் தாமதமாக, அதுவும் ஓரிரு நிமிடம்தான். அந்தக் குரங்குகள் பல 'பி' வைரஸைச் சுமப்பவை. குரங்குக்கு அது வாய்ப்புண் தரும் சாதாரணக் கிருமி. மனிதருக்கு வந்து சிகிச்சை கிடைக்காவிட்டால் மூளையைத் தாக்கி, பத்தில் ஏழெட்டுப் பேரைக் கொல்லும். சில நாள் கழித்து அவருக்குக் கண் சிவந்தது. டிசம்பரில் இறந்துவிட்டார். இந்த வைரஸ் மூக்கு, கண் போன்ற ஈரப்பரப்பு வழியாகவும் நுழைந்து கொல்லும் என்பதை மருத்துவ உலகம் அந்த மரணத்தால்தான் உறுதியாக அறிந்தது. அதன்பின் வழிகாட்டு நெறிகள் மாறின. குரங்குக் கூடத்துக்குள் கண்ணாடியில்லாமல் போகக் கூடாது. தெறித்தால் உடனே 15 நிமிடம் அலச வேண்டும். ஆபத்து அதிகமென்றால் அறிகுறி வருவதற்கு முன்பே வைரஸ் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும்.

புலித்தோல் போர்த்திய பசு

ஹாம்பர்க்குக்குத் திரும்புவோம். அந்த விஞ்ஞானி விபத்தை உடனே தெரிவித்தார். சில மணி நேரத்தில் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் எபோலாவை அறிந்த நிபுணர்கள் தொலைபேசியில் கூடிவிட்டார்கள். என்ன கொடுக்கலாம்? மனிதருக்குச் சோதித்த எதுவும் இல்லை. குரங்குகளில் நம்பிக்கை தந்த ஒன்று மட்டும் கனடாவின் வின்னிபெக் நகரில், தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருந்தது.

அது ஒரு விசித்திரமான தடுப்பூசி. மாடு, குதிரை போன்றவற்றின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. மனிதரை அது பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. அதன் மேல்தோல் புரதத்தைக் கழற்றிவிட்டு, எபோலாவின் மேல்தோல் புரதத்தைப் போர்த்தினார்கள். பசுத்தோல் போர்த்திய புலி என்போமே, இது அதற்கு நேரெதிர். உள்ளே இருப்பது சாதுவான கால்நடை வைரஸ், போர்த்தியிருப்பது புலித்தோல். உடலின் காவலர்கள் தோலைப் பார்த்து, புலி வந்துவிட்டது என்று பாய்கிறார்கள். பின்னர் நிஜப்புலி வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

ஹைன்ஸ் ஃபெல்ட்மனும் அவருடைய சகாக்களும் 2007ல் வெளியிட்ட ஆய்வில், 8 ரீசஸ் குரங்குகளுக்கு எபோலாவைச் செலுத்தி அரை மணி நேரத்துக்குள் இந்தத் தடுப்பூசியைப் போட்டார்கள். பாதிக் குரங்குகள் பிழைத்தன. எபோலாவைப் பொறுத்தவரை அது பெரிய செய்தி. ஆனால் அங்கே கழிந்தது அரை மணி நேரம். ஹாம்பர்க்கில் மருந்து கடல் கடந்து வந்து சேரவே இரண்டு நாள் ஆகிவிட்டது. அதோடு அது உயிருள்ள வைரஸ். அதுவரை ஒரு மனிதர் உடலிலும் செலுத்தப்படாதது. போட்டால் என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. போடாமல் விட்டு, வைரஸ் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, போட்டுக்கொள்ளப் பரிந்துரைத்தார்கள். அவர் சம்மதித்தார். விபத்து நடந்து 48 மணி நேரம் கழித்து, 5 கோடி வைரஸ் அலகுகள் கொண்ட ஒற்றை ஊசி போடப்பட்டது.

12 மணி நேரத்தில் காய்ச்சல் வந்தது.

எபோலாவும் காய்ச்சலில்தான் தொடங்கும். இது எபோலாவா, தடுப்பூசியின் விளைவா? அதைப் பிரித்தறிய மூலக்கூறு உயிரியல் கைகொடுத்தது. எபோலா வைரஸில் மொத்தம் 7 மரபணுக்கள். தடுப்பூசியில் இருப்பதோ அவற்றில் ஒன்றே ஒன்று, மேல்தோல் புரதத்துக்கு உரியது. கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழக்கமான பிசிஆர் சோதனையில் அந்த ஒரு மரபணு மட்டும் தெரிந்தால் அது தடுப்பூசி. மற்ற எபோலா மரபணுக்களும் தெரிந்தால் நோய். அவருடைய ரத்தத்தில் தடுப்பூசி வைரஸ் இரண்டு நாள் தென்பட்டு மறைந்தது. எபோலாவின் மற்ற மரபணுக்கள் எந்த நாளும் தென்படவில்லை. எபோலாவின் நோயரும்பு காலம் அதிகபட்சம் 21 நாள். மூன்று வாரக் கண்காணிப்பு முடிந்தபோது அவர் நலமாக இருந்தார்.

தடுப்பூசி அவரைக் காப்பாற்றியதா, அல்லது வைரஸ் நுழையவே இல்லையா? ஒருபோதும் தெரியப்போவதில்லை. மூன்று கையுறைகளும் ஊசிமுனையை வழியிலேயே துடைத்துவிட்டிருக்கலாம். ஆனால் அன்று முதல்முறையாக ஒரு மனித உடலுக்குள் போன அந்தத் தடுப்பூசியே 2015ல் கினியாவில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டு வெற்றிபெற்றது. 2019ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'எர்வெபோ' என்ற பெயரில் அங்கீகாரம் பெற்றது.

கண்ணுக்குத் தெரியாத துளை

ஹாம்பர்க் விபத்துக்கு 33 ஆண்டு முன்பு, 1976 நவம்பரில், இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தில் ஒரு விபத்து. ஆப்பிரிக்காவில் புதிதாகத் தலையெடுத்திருந்த ஒரு மர்மக் கிருமியை அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் எபோலா என்று உலகம் அறிந்தது அதைத்தான். தொற்றுள்ள கினிப்பன்றியின் கல்லீரல் கரைசலைக் கையாண்ட ஆய்வாளர் ஒருவரின் கட்டைவிரலில், கையுறையைத் துளைத்து ஊசி பட்டது. உடனே கையுறையைக் கழற்றி விரலைக் கிருமிநாசினியில் முக்கினார். பிதுக்கிப் பார்த்தார். ரத்தம் வரவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தும் துளை தெரியவில்லை.

ஆறாம் நாள் காய்ச்சல். எபோலாதான்.

அவர் சம்பவத்தை அன்றே தெரிவித்திருந்தார். தினமும் உடல் வெப்பம் கவனிக்கப்பட்டு வந்தது. காய்ச்சல் தொடங்கியதுமே லண்டனில் தனிமைப்படுத்தி, இன்டர்ஃபெரானும் நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தநீரும் கொடுத்தார்கள். நோய் கடுமையாகத்தான் இருந்தது, ஆனாலும் பிழைத்தார். அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவும் இல்லை.

இரண்டு விபத்துகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துளையே தெரியாத விரல் வழியாக எபோலா நுழைந்தது. ஊசி தைத்தது உறுதியாகத் தெரிந்த விரலால் நோய் வரவில்லை. கண்ணால் பார்த்து, காயத்தின் அளவை வைத்து, 'இது ஒன்றுமில்லை' என்று தானே முடிவு செய்யும் உரிமை இந்த வேலையில் யாருக்கும் இல்லை. முடிவெடுக்க வேண்டியது நடந்த சம்பவத்தை வைத்து: என்ன கிருமி, எவ்வளவு, எந்த வழியில் பட்டது, பட்டவரின் உடல்நிலை என்ன? அறிகுறி வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது, வீடு பற்றியபின் கிணறு வெட்டுவது போல.

சொல்லாமல் விட்டால்

ஆனால் சம்பவம் நடந்தது யாருக்காவது தெரிந்தால்தானே முடிவெடுக்க?

2003 டிசம்பரில் தைவானில் சார்ஸ் வைரஸை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி, கழிவு கொண்டுசெல்லும் பெட்டிக்குள் பை கசிந்திருப்பதைக் கண்டார். ஆல்கஹால் தெளித்துச் சிறிது நேரம் காத்திருந்து, பெட்டியைத் திறந்து தலையை நீட்டித் துடைத்தார். பிறகு ஒரு மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் போய்வந்தார். காய்ச்சல் வந்தது. எந்தக் கிருமியோடு வேலை செய்கிறோம் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனாலும் பல நாள் வீட்டிலேயே இருந்தார். தமக்கும் தம் நிறுவனத்துக்கும் அவப்பெயர் வந்துவிடுமே என்ற பயம். கடைசியில் மருத்துவமனையில் சேர்ந்து பிழைத்தார். வேறு யாருக்கும் தொற்றவில்லை என்பது நல்லகாலம்.

2009ல் சிகாகோவில் நடந்தது இதைவிடத் துயரமானது. அங்கே 60 வயது ஆய்வாளர் ஒருவர் பலவீனமாக்கப்பட்ட பிளேக் கிருமியோடு வேலை செய்தார். பிளேக் கிருமி வளர இரும்புச்சத்து வேண்டும். மனித உடலிலிருந்து இரும்பைக் கவர்ந்துகொள்ளும் திறனை இழந்த வகை அது. அதனால் ஆபத்தற்றது என்று கருதப்பட்டது. அவருக்குக் காய்ச்சல் வந்தது, மருத்துவரிடம் போனார். ஃப்ளூ போல இருந்ததால் பிளேக் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. சில நாளில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அன்றே இறந்தார். பிரேதப் பரிசோதனையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. உடலில் இரும்பு மிகையாகச் சேரும் பரம்பரைக் கோளாறு அவருக்கு இருந்தது. அவர் வாழ்நாளில் அதை யாரும் கண்டறியவில்லை. கிருமிக்கு எது கிடைக்காது என்று நம்பினார்களோ, அது அவர் உடலில் நிறைந்திருந்தது. பிளேக் சாதாரண ஆன்டிபயாடிக்கால் குணமாகும் நோய். 'இவர் பிளேக் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்' என்ற ஒரு வரி மருத்துவரின் முன் இருந்திருந்தால் கதை மாறியிருக்கக்கூடும்.

அதனால்தான் ஆபத்தான கிருமிகளோடு பணிபுரிகிறவர்கள் தங்கள் பையில் ஓர் அட்டை வைத்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் வலியுறுத்துகின்றன. எந்தக் கிருமிகளோடு வேலை, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கும். வேலையில் சேரும்போதே ரத்தநீர் எடுத்துப் பாதுகாப்பதும் இதே நோக்கத்துக்காக. பின்னாளில் எதிரணு தென்பட்டால், அது புதிதாக வந்ததா முன்பே இருந்ததா என்று ஒப்பிட்டுச் சொல்ல அந்தப் பழைய ரத்தநீர் வேண்டும்.

நள்ளிரவுப் பணியில் இருப்பவர்

எபோலா ஆய்வகங்கள் உலகில் மிகச் சில. ஊசிக்குத்து எல்லா ஊரிலும் நடக்கிறது. மால்டா காய்ச்சல் தரும் புருசெல்லா என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். ஆடு மாடுகளிடமிருந்து, காய்ச்சாத பாலிலிருந்து மனிதருக்கு வருவது. நோயாளியின் ரத்த மாதிரியில் அது வளர்வதை அறியாமல், வளர்தட்டை மேசையில் திறந்து மோந்து பார்க்கும் பரிசோதனைக்கூடப் பணியாளருக்கு அது காற்றிலேயே தொற்றும். ஆய்வகங்களில் பரவும் பாக்டீரிய நோய்களில் இதுவே முன்னணியில் நிற்கிறது. ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்டால் டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று வாரம். மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 24 வாரம் வரை அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் கண்காணிப்பு. அரை ஆண்டு ஒரு மனிதர் மனத்தில் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வாழ வேண்டும். அவரோடு ஒரு மருத்துவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

மாவட்ட மருத்துவமனையொன்றின் பரிசோதனைக்கூடத்தில் இரவு இரண்டு மணிக்கு ஓர் இளம் டெக்னீஷியன் ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போட முயல்கிறார். மூடி போடவே கூடாது என்பது விதி. ஆனால் வரிசையில் இன்னும் பத்துப் பேர். ஊசி விரலில் ஏறுகிறது. அப்போது அவர் மனத்தில் முதலில் ஓடுவது எது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். 'மூடி போட்டதற்குத் திட்டு வாங்குவேன், சம்பளத்தைப் பிடிப்பார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்' என்று ஓடினால், அவர் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வார். உடலுக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

தவறை விசாரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாரணை அடுத்த வாரம் நடக்கலாம். அந்த இரவில் கேட்க வேண்டியது, 'எப்போது குத்தியது, யாருடைய ரத்தம், தடுப்பூசி போட்டிருக்கிறாயா அம்மா?' என்ற மூன்று கேள்விகள் மட்டும். சுவரில் ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருக்க வேண்டும். அந்த எண்ணில் இரவு இரண்டு மணிக்கும் ஒருவர் எடுக்க வேண்டும். முதல் வேளை மருந்து, சாவி யாரிடம் என்று தேட வேண்டாத ஓர் அலமாரியில் இருக்க வேண்டும். இவை எதற்கும் வின்னிபெக்கிலிருந்து விமானம் வர வேண்டியதில்லை.

ஹாம்பர்க் விஞ்ஞானியிடம் அன்று நிச்சயமான மருந்து எதுவும் இல்லை. நேரம் மட்டும் இருந்தது. குத்தியதை அவர் மறைக்காமல் சொன்னதால் கிடைத்த நேரம் அது. நம் பரிசோதனைக்கூடங்களில் நிலைமை தலைகீழ். மருந்து இருக்கிறது. அந்த டெக்னீஷியன் பயமில்லாமல் ஓடிவந்து, 'ஊசி குத்திடுச்சு சார்' என்று சொல்லும்படி நாம் நடந்துகொள்கிறோமா என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.